சதுரங்கம் என்னும் சாட்சி

சதுரங்கம் என்ற சொல் தமிழ்க் காதில் விழும்போது அதில் ‘சதுரம்’ கேட்கிறது. சற்று இழுத்துச் சொன்னால் ‘அரங்க’மும் கேட்கிறது. அறுபத்து நான்கு சதுரக் கட்டங்கள், இரு தரப்பும் மோதிக்கொள்ளும் களம். ஆகவே சதுர அரங்கம் என்று பொருள் கொள்ளத் தோன்றுவது இயல்பு. ஆனால் சொல்லைப் பிரிக்க வேண்டிய இடம் அதுவல்ல. ‘சதுர்’ என்றால் வடமொழியில் நான்கு. ‘அங்கம்’ என்றால் உறுப்பு. அந்த நான்கு உறுப்புகள் எவை என்பதற்குக் கதாகாலட்சேபங்களில் கேட்டுப் பழகிய தொடரே விடை: ரத கஜ துரக பதாதி. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கும் நிறைந்த படைக்குச் சதுரங்க சேனை என்று பெயர். மகாபாரதமும் இராமாயணமும் படையை இப்பெயரால் அழைக்கின்றன. அதாவது, இந்தச் சொல் ஒரு விளையாட்டுக்குப் பெயராவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே போர்க்களத்தில் புழங்கிய சொல். நால்வகைப் படையையும் பலகைமேல் நிறுத்தி ஆடியவர்கள், படையின் பெயரையே ஆட்டத்துக்கும் வைத்தார்கள்.

இதை ஒரு சுவாரசியமான தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. சதுரங்கம் எங்கே தோன்றியது என்ற வழக்கில் இந்தப் பெயரைவிட உறுதியான சாட்சி வேறில்லை என்பதே என் வாதம். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மரத்திலும் தந்தத்திலும் செய்த காய்கள் மழையும் கரையானும் உள்ள நாட்டில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் தாங்குவது அரிது. கோதுமை மணியை முதல் கட்டத்துக்கு ஒன்று, அடுத்த கட்டத்துக்கு இரண்டு என்று இரட்டித்துப் பரிசு கேட்ட கதை அழகானது. ஆனால் வரலாறு அல்ல. பெயரோ அழியாமல் ஊர் ஊராகப் போயிருக்கிறது. போன இடங்களிலெல்லாம் அந்தந்த மொழியின் ஒலி விதிகளுக்கு ஏற்ப மாறியிருக்கிறது. அம்மாற்றங்கள் மனம்போன போக்கில் நிகழ்வதில்லை. ஒரு மொழியில் எந்த ஒலி உண்டு, எது இல்லை, இல்லாத ஒலிக்கு எது பதிலாக வரும் என்பதெல்லாம் நூற்றுக்கணக்கான சொற்களை ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடிய செய்திகள். சொற்பிறப்பியல் ஓர் அறிவியலாக நிற்பது இந்த அடித்தளத்தில்தான்.

பெயர் இந்தியாவை விட்டு வெளியேறி முதலில் தங்கிய இடம் பாரசீகம். சாசானியப் பேரரசு காலத்து மொழியான மத்திய பாரசீகத்தில் ஆட்டத்தின் பெயர் ‘சத்ரங்’. முதல் எழுத்தைப் ‘பச்சை’யில் வருவதுபோல அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு சோதனை வைக்கலாம். ‘நான்கு உறுப்பு’ என்ற பெயரைப் பாரசீகர்கள் தாங்களே உருவாக்கியிருந்தால் அது எப்படித் தொடங்கியிருக்கும்? பாரசீகத்தில் நான்குக்குச் சொல் ‘சஹார்’. அதன் சுருக்கம் ‘சார்’. ஹைதராபாத்தில் நான்கு மினார்களோடு நிற்கும் கட்டடத்துக்குச் சார்மினார் என்று பெயர் வந்தது அதனால்தான். வடமொழிச் சதுரும் பாரசீகச் சஹாரும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த உறவுச் சொற்கள். ஆனால் பாரசீகக் கிளையில் நடுவிலிருந்த தகர ஒலி தேய்ந்து ஹகரமாகிவிட்டது. சாசானியர் காலத்திலேயே அது முடிந்துபோன மாற்றம். ஆகவே பாரசீகத்தில் பிறந்த பெயராக இருந்தால் அது சஹாரில் தொடங்க வேண்டும். ‘சத்ரங்’கிலோ தகரம் தேயாமல் அப்படியே இருக்கிறது. ‘படை’ என்பதற்கும் அவர்களிடம் ‘சிபாஹ்’ என்ற சொந்தச் சொல் உண்டு. காலாள் காயைத் தமிழில் சிப்பாய் என்கிறோமே, அந்தச் சிப்பாய் பிறந்த சொல் அது. இரண்டையும் விட்டுவிட்டுத் தங்கள் மொழியில் பொருளே தராத ஓர் ஒலிக்கோவையை அவர்கள் ஆட்டத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்றால், அது ஆட்டத்தோடு சேர்ந்து வந்த பெயர் என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

7ஆம் நூற்றாண்டின் நடுவில் அரபுப் படைகள் பாரசீகத்தை வென்றன. வென்றவர்கள் தோற்றவர்களின் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். செவ்வியல் அரபியில் சகர வல்லொலி இல்லை, ககர மெல்லொலி இல்லை, பகரத்தின் வல்லொலியும் இல்லை. பாரசீகச் சொல் அரபிக்குள் நுழையும்போது இந்த மூன்றும் மாறியே தீர வேண்டும். யானைக்குப் பாரசீகச் சொல் ‘பீல்’. அரபியில் அது ‘ஃபீல்’ ஆயிற்று. மணிக்குப் பாரசீகச் சொல் ‘கௌஹர்’. அரபியில் அது ‘ஜௌஹர்’ ஆகி, பன்மையில் ‘ஜவாஹிர்’ ஆயிற்று. நேருவின் பெயரில் இருக்கும் ஜவாஹர் அதுதான். இதே விதியின்படி ‘சத்ரங்’கின் முதலெழுத்து ஷகரமாகவும் கடைசி ஒலி ஜகரமாகவும் மாற, ‘ஷத்ரஞ்ஜ்’ பிறந்தது. இந்த மாற்றத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ‘ஷத்ரஞ்ஜ்’ முதலில் இருந்து அதிலிருந்து ‘சதுரங்க’ வந்திருக்க முடியுமா? தற்செயலாகத் திரிந்த ஓர் ஒலிக்கோவை, இந்தியாவுக்கு வந்ததும் இலக்கணச் சுத்தமாக ‘நான்கு உறுப்பு’ என்று பிரிந்து, ஏற்கெனவே இருந்த படைப்பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிருக்க வேண்டும். அதை யாரும் நம்ப முடியாது. சொல் போன பாதை ஒருவழிப் பாதை.

இன்னொரு தடயமும் உண்டு. என் கணக்கில் எல்லாவற்றிலும் நுட்பமானது அதுதான். ஒரு சொல் தன் பிறந்த வீட்டில் இருக்கும்வரை அதன் பொருளை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. அயல் மொழிக்குப் போனபின்தான் மக்கள் அதற்குப் பொருள் கற்பிக்கத் தொடங்குவார்கள். பாரசீக, அரபு எழுத்தாளர்கள் ‘ஷத்ரஞ்ஜ்’ என்ற சொல்லைப் பல விதமாக உடைத்துப் பார்த்தார்கள். ‘ஷஷ் ரங்’ என்றால் ஆறு வண்ணம் அல்லது ஆறு வகை. காய்களில் ஆறு வகை இருப்பதால் அந்தப் பெயர் என்றார்கள். ‘ஸத் ரஞ்ஜ்’ என்றால் நூறு கவலை. ஆடுபவன் படும் பாட்டைச் சொல்வது என்றார்கள். ஒவ்வொன்றும் கெட்டிக்காரத்தனமான விளக்கம், ஒவ்வொன்றும் தவறு. நம் ‘சதுர அரங்க’மும் இந்த வரிசையில் சேர வேண்டியதே, தமிழுக்கும் இது வந்த சொல்தான் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. இதே ஆட்டத்துக்கு ஆனைக்குப்பு என்று தமிழ் அகராதிகள் பதிவு செய்திருக்கும் பெயரில், யானைக் காய் தெரிவதால், எந்தப் பிரிப்புச் சிக்கலும் இல்லை.

பெயர் மேற்கே போன வழிகளையும் ஒலிகளைக் கொண்டே வரைந்துவிடலாம். பைசாந்தியக் கிரேக்கர்கள் ஆட்டத்தை ‘ஸத்ரிகியோன்’ என்றார்கள். அதன் நடுவே இருப்பது ககர ஒலி, அரபி ஜகரம் அல்ல. ஆகவே கிரேக்கத்தின் கடன் பாரசீக வடிவத்திடம். ஸ்பெயின்காரர்கள் அரபுச் சொல்லை அதன் ‘அல்’ என்ற முன்னொட்டோடு சேர்த்தே விழுங்கினார்கள். ஷகரத்தின் முன் ‘அல்’ என்பது ‘அஷ்’ என்றாகும். ‘அஷ்ஷத்ரஞ்ஜ்’ பழைய ஸ்பானியத்தில் ‘அசெத்ரெஷ்’ ஆகி, இன்று ‘அஹெத்ரெஸ்’ என்று நிற்கிறது. காஸ்தில் மன்னர் பத்தாம் அல்போன்சோ 1283இல் முடிக்கச் செய்த விளையாட்டு நூல் அப்பழைய பெயரோடுதான் தொடங்குகிறது. போர்த்துகீசியம் முன்னொட்டை விட்டுவிட்டு ‘ஷத்ரேஸ்’ என்று வைத்துக்கொண்டது.

ஐரோப்பாவின் பெரும்பகுதி வேறு வழியில் போயிற்று. அங்கே ஆட்டத்துக்குப் பெயர் தந்தது நால்வகைப் படை அல்ல, ராஜா. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா!’ என்று எச்சரிப்பது பாரசீக வழக்கம். அந்தக் குரலே லத்தீனில் ‘ஸ்காகஸ்’ ஆகி, அதன் பன்மை ஆட்டத்தின் பெயராயிற்று. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில் கிடைத்த, 10ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த லத்தீன் செய்யுள் இந்தப் பெயரோடு ஆட்டத்தை விளக்குகிறது. அதிலிருந்து இத்தாலிய ‘ஸ்காக்கி’, ஜெர்மன் ‘ஷாஹ்’, பழைய பிரெஞ்சு ‘எஷெக்’. அதன் பன்மையிலிருந்து ஆங்கிலச் ‘செஸ்’. ஆக, ராஜாவுக்குச் சொல்லும் ‘செக்’கும் ஆட்டத்தின் பெயரான ‘செஸ்’ஸும் ஒரே சொல்லின் ஒருமையும் பன்மையும். சதுரங்கப் பலகையின் பிரெஞ்சுப் பெயர், கட்டம் போட்ட விரிப்பின்மேல் காசை நகர்த்திக் கணக்குப் பார்த்த 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசுக் கருவூலத்துக்குப் பெயராயிற்று. வங்கிச் செக்கின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் அந்தக் கருவூலப் பெயரைப் பார்த்து அமைந்தது. தமிழ்நாட்டில் ஒருவர் வங்கியில் செக் போடும்போது சொல்வது, வெகுதூரம் சுற்றிவந்த பாரசீக ராஜாவின் பட்டத்தைத்தான்.

‘செக்மேட்’டின் பின்பாதியில் ஒரு பழைய சர்ச்சை இருக்கிறது. ‘ஷா மாத்’ என்பதற்கு ‘ராஜா செத்தார்’ என்று பொருள் சொல்வது வழக்கம்; அரபியில் ‘மாத்த’ என்றால் செத்தான் என்பதால் வந்த விளக்கம் அது. ஆனால் பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் செயலற்றுப்போன, திகைத்து நிற்கிற என்று பொருள். ஆட்டத்தின் விதியோ ராஜாவை ஒருபோதும் வெட்ட விடுவதில்லை. போக வழியில்லாமல் நிற்கும் நிலையிலேயே ஆட்டம் முடிகிறது. விதியோடு பொருந்துவது பாரசீகப் பொருள். ‘ஷா’ பாரசீகச் சொல்லாக இருக்கும்போது அதனோடு வரும் சொல்லை மட்டும் அரபியாகக் கொள்ளவும் காரணம் இல்லை. ரஷ்யர்கள் இந்த இரு சொற்களையும் சேர்த்து ‘ஷாஹ்மத்தி’ என்று ஆட்டத்துக்கே பெயராக்கிவிட்டார்கள்.

பெயர் வீடு திரும்பியதும் உண்டு. இந்தியில் இன்று ஆட்டத்தின் பெயர் ‘ஷத்ரஞ்ஜ்’. பிறந்த நாட்டின் வடபகுதியில் பழைய பெயர் பின்னுக்குப் போய், பாரசீகமும் அரபியும் மாற்றிக் கொடுத்த வடிவம் அரியணை ஏறியிருக்கிறது. முதலெழுத்தின் ஷகரமும் இறுதி ஜகரமும் அது அரபு உதடுகளைத் தொட்டு வந்ததை உறுதியாகச் சொல்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கும் பழைய வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, ‘நான்கு’ என்பது படையின் உறுப்பு அல்ல, ஆடுபவர்களின் எண்ணிக்கை என்பது. 1860இல் டங்கன் ஃபோர்ப்ஸ் எழுதிய சதுரங்க வரலாற்று நூல், பகடை உருட்டி நால்வர் ஆடிய ஆட்டமே மூலம் என்றும் அது ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்றும் வாதிட்டது. நால்வர் ஆட்டம் இருந்தது உண்மை. 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி அதை இந்தியாவில் கண்டு விவரித்திருக்கிறார். ஆனால் அது மூத்தது என்பதற்கு அதுவே சான்றாகாது. ‘அங்கம்’ என்றால் உறுப்பு; ஆடுபவர் என்ற பொருள் அதற்கு இல்லை. கன்னோசியில் ஹர்ஷர் ஆண்ட 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பாணபட்டர் தம் ஹர்ஷசரிதத்தில் ஒரு சிலேடை வைக்கிறார். ‘சதுரங்க கல்பனை’ என்பதற்கு நால்வகைப் படையை அணிவகுத்தல் என்றும், கை கால் நான்கையும் வெட்டுதல் என்றும் பொருள் கொள்ளலாம். இந்த மன்னர் ஆட்சியில் அது எட்டுக்கு எட்டுக் கட்டமுள்ள அஷ்டாபதப் பலகையில் மட்டுமே நடந்தது, குற்றவாளிகள்மேல் நடக்கவில்லை என்பது புகழ்ச்சி. அணிவகுப்பு என்ற பொருள் கேட்பவர் மனத்தில் உடனே எழாவிட்டால் இந்தச் சிலேடை செல்லாது. அவர் காலத்தில் பலகை, படை, பெயர் மூன்றும் ஒன்றாகிவிட்டன.

இரண்டாவது மறுப்பு கனமானது. மறுக்க முடியாதபடி சதுரங்கக் காய்கள் என்று சொல்லத்தக்க மிகப் பழைய பொருள்கள் இந்தியாவில் கிடைக்கவில்லை. சமர்கண்ட் அருகே அஃப்ராசியாபில் 1977இல் கிடைத்தன. ஏழு சிறு தந்தக் காய்கள், 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆகவே ஆட்டம் நடு ஆசியாவிலோ ஈரானிலோ தோன்றி, பெயர் மட்டும் இந்தியாவிலிருந்து போயிருக்கலாகாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வறண்ட நிலம் தந்தத்தைக் காக்கும், ஈர நிலம் அழிக்கும். பொருள் கிடைத்த இடம் பொருள் பிறந்த இடம் ஆகிவிடாது. பெயர் மட்டும் தனியாகப் போயிருக்கவும் வாய்ப்பில்லை. மத்திய பாரசீக நூல்களில் ‘சத்ரங்’ என்பது ஆட்டத்துக்கு மட்டுமே பெயர். படையைக் குறிக்க அவர்கள் அதைக் கடன் வாங்கவில்லை. காய்களின் பட்டியலும் யானை, குதிரை, தேர், காலாள் என்று அதே நால்வகைப் படையாக இருக்கிறது. இதற்கு மேல், பாரசீகர்களே தரும் வாக்குமூலம் ஒன்று உண்டு. தேவசர்மன் என்ற இந்திய அரசன் மரகதத்தில் பதினாறும் மாணிக்கத்தில் பதினாறுமாகக் காய்கள் செய்து, ஆட்டத்தின் விதியைக் கண்டுபிடிக்கச் சொல்லி, முதலாம் குஸ்ரோவின் அவைக்கு அனுப்பினான் என்றும், அமைச்சர் புஸுர்க்மிஹ்ர் அதை விடுவித்துப் பதிலுக்கு நர்த் என்ற ஆட்டத்தை உருவாக்கினார் என்றும் மத்திய பாரசீகக் கதை சொல்கிறது. நடந்ததா என்பது வேறு விஷயம். தங்கள் அமைச்சரின் அறிவைப் புகழவென்றே எழுந்த கதை, ஆட்டத்தின் பிறப்பை மட்டும் அயலாருக்கு விட்டுக்கொடுக்கிறது. பெருமைக்காகச் சொல்லும் கதையில் பெருமைக்கு எதிராக இடம்பெறும் செய்திக்கு எடை அதிகம்.

சீனர்களின் ஷியாங்ச்சியைக் காட்டுவோரும் உண்டு. யானை, குதிரை, தேர், போர்வீரர் அதிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் உறவு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெயருக்கும் சதுரங்கத்துக்கும் ஒலித் தொடர்பு எதுவும் இல்லாததால், சீனத்தோடான உறவில் யார் யாரிடம் வாங்கினார் என்று இந்தச் சாட்சியால் சொல்ல முடியாது. மேற்கே போன கிளையைப் பொறுத்தவரை அது தெளிவாகப் பேசுகிறது. அங்கே சீனத்துக்கு இடமில்லை.

தமிழ் வாசகருக்கு எழக்கூடிய கேள்வி ஒன்று மிச்சம். திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. அரசன் மகளோடு சிவன் சதுரங்கம் ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தக் கோயில் பலமுறை பேசப்பட்டது. அதைக் கொண்டு ஆட்டம் தமிழகத்தில் தோன்றியது என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன். தலபுராணக் கதைக்குக் காலம் குறிக்க முடியாது. காலம் குறிக்க முடியாத சான்று தோற்றத்தைப் பற்றிய வழக்கில் நிற்காது. நமக்கு இதைவிட நல்ல சான்று கடல் தாண்டி இருக்கும்போது, நிற்காத ஒன்றை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

மலாய் மொழியில் ஆட்டத்தின் பெயர் ‘சத்தூர்’; நம் சதுரின் நேரடி வடிவம். மலாய்க்காரர்களின் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ராஜா, மந்திரிக்கு ‘மந்த்ரி’, யானைக்கு ‘காஜா’ என்று மூன்றும் வடசொற்கள். காலாள் ‘பீடாக்’, பாரசீகத்தின் ‘பயாதக்’ அரபியில் ‘பைதக்’ ஆகி, அங்கிருந்து வந்த சொல். இந்தோனேசியாவில் செக் சொல்ல ‘ஸ்காக்’ என்கிறார்கள். அது ஆண்டுகொண்டிருந்த டச்சுக்காரர்கள் கொடுத்தது. இந்திய வணிகர், முஸ்லிம் வணிகர், ஐரோப்பிய ஆட்சியாளர் என்று அந்தக் கடலில் வந்துபோனவர்கள் எல்லோரும் ஒரே பலகையில் ஆளுக்கொரு சொல்லை விட்டுப் போயிருக்கிறார்கள். பலகையின் மூலையில் நிற்கும் காய்க்கு வடமொழியில் ‘ரதம்’, பாரசீகத்தில் ‘ருக்’. மலாயில் இந்த இரண்டும் இல்லை. அங்கே அதன் பெயர் ‘தீர்’. அது தமிழ்த் ‘தேர்’. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர் என்று அது சொல்லவில்லை. கிழக்குக் கடலைத் தாண்டி அதைக் கொண்டுபோனவர்களில் தமிழர் இருந்தார்கள் என்று சொல்கிறது. நாம் அந்தக் காயைக் கோட்டை என்றும் யானை என்றும் சொல்லப் பழகிவிட்டோம். மலாய் அகராதியில் அது இன்னும் தேர்தான்.